லேப் டெக்னீசியன் படிப்பும் அப்பாவின் கையெழுத்தும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக்கு ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் பளபளவென்று ஒரு புத்தகம். அட்டையில் வெள்ளைக் கோட்டு போட்ட பெண் ஒருத்தி மைக்ராஸ்கோப்பில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். (மைக்ராஸ்கோப்பில் அப்படி என்னதான் சிரிப்பு தெரியும் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.)

"அண்ணே, பாப்பாவுக்கு சீட்டு ரெடி. பி.எஸ்சி. எம்.எல்.டி. மூணு வருஷம் வருஷத்துக்கு ஒரு லட்சம், நாலாவது வருஷம் இன்டர்ன்ஷிப், அதுக்கு ஃபீஸ் இல்ல. பேங்க் லோன் நாங்களே பேசி வாங்கித் தருவோம். நீங்க கையெழுத்து மட்டும் போட்டா போதும். முடிச்ச அன்னிக்கே இருபத்தஞ்சாயிரம் சம்பளம்."

அப்பா பேனாவைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

என் தங்கை பிளஸ் டூ முடித்திருக்கிறாள். சயின்ஸ் குரூப், அரசுப் பள்ளி, நல்ல மார்க்தான். ஆனால் டாக்டர் சீட்டு வாங்கும் அளவுக்கு இல்லை. லேப் டெக்னீசியன் ஆக வேண்டும் என்பது அவளுடைய சொந்த ஆசை, யாரும் திணித்ததில்லை. அப்பா சிப்காட்டில் ஒரு இரும்பு உருட்டாலையில் காண்ட்ராக்ட் தொழிலாளி. ஓ.டி. எல்லாம் சேர்த்து மாதம் பதினாறாயிரம் வந்தால் அது நல்ல மாதம். நான் பி.காம். கடைசி வருடம். "ஒரு வாரம் டைம் கொடுங்க சார், யோசிச்சுச் சொல்றோம்" என்று நான்தான் அவரைத் திருப்பி அனுப்பினேன். அவர் போனதும் அப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "நீ ஒருத்தன் கணக்குப் படிக்கிறேன்னு எல்லாத்துக்கும் கணக்குப் பாக்காத. பொண்ணு படிக்கட்டும்டா" என்றார்.

பெண் படிக்க வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. எந்த விலைக்குப் படிப்பது என்பதுதான் என் கேள்வி. அந்த ஒரு வாரத்தில் நான் போட்ட கணக்கையும், விசாரித்ததையும், அதிலிருந்து எனக்கு வந்த கோபத்தையும் இங்கே எழுதுகிறேன். நம் வகுப்பிலேயே தம்பி தங்கைகளுக்கு இதே கேள்வியோடு நாலைந்து பேர் இருக்கிறார்கள் என்று தெரியும்.

ஊர் தெரியாதவர்களுக்கு

கும்மிடிப்பூண்டி சென்னைக்கு வடக்கே, கூடூர் ரயில் பாதையில் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் போனால் ஆந்திரா. சிப்காட் வளாகத்தில் இரும்பு உருக்கும் உலைகள், உருட்டாலைகள், கெமிக்கல் கம்பெனிகள். கொஞ்சம் மேற்கே தேர்வாய் கண்டிகையில் இன்னொரு சிப்காட், அங்கேதான் மிஷலின் டயர் தொழிற்சாலை. வேலை இல்லை என்று எங்கள் ஊரில் யாரும் சொல்ல முடியாது. பிளஸ் டூ முடித்த பையன் அடுத்த திங்கட்கிழமையே ஷிப்ட் வேனில் ஏறலாம். எங்கள் தெருப் பையன்கள் ஆரம்பத்தில் கையில் வாங்குவது மாதம் பன்னிரண்டாயிரம், பதிமூன்றாயிரம். பெண்கள் போகும் பேக்கிங் வேலைக்கு இதில் ஒன்றிரண்டு ஆயிரம் குறையும்.

இந்த ஊரில் எந்தப் படிப்புக்கும் போட்டி இன்னொரு படிப்பு இல்லை, அந்த ஷிப்ட் வேன்தான். நாலு வருடம் படிக்கப் போகும் பிள்ளை அந்த நாலு வருடச் சம்பளத்தையும் விட்டுவிட்டுத்தான் போகிறது. எந்தக் கல்லூரிப் புத்தகத்திலும் இந்த வரி இருக்காது.

கணக்கு

சரி, கணக்குக்கு வருவோம். பயப்படாதீர்கள், ஆறாம் வகுப்புக் கணக்குதான்.

கட்டணம் வருடத்துக்கு ஒரு லட்சம் வீதம் மூன்று லட்சம். கல்விக் கடனில் படிக்கும் காலமும் அதற்கு மேல் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டியதில்லை. "அப்புறம் கட்டிக்கலாம்" என்று வந்தவர் சொன்னது உண்மைதான். அவர் சொல்லாமல் விட்டது, அந்தக் காலத்திலும் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும் என்பதை. பத்து சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். முதல் வருடம் வாங்கிய லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி, இரண்டாவதற்கு நாலு, மூன்றாவதற்கு மூன்று. மொத்தம் பன்னிரண்டு பத்தாயிரங்கள், அதாவது 1,20,000. ஆக முதல் தவணை கட்டும் நாளில் கடன் மூன்று லட்சம் இல்லை, 4,20,000.

இதைப் பத்து வருடத்தில் அடைக்க மாதத் தவணை சுமார் 5,550 ரூபாய். பத்து வருடத்தில் மொத்தமாகக் கட்டுவது ஆறு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேல்.

இப்போது சம்பளப் பக்கம். இருபத்தைந்தாயிரம் என்று அவர் சொன்னார். கும்மிடிப்பூண்டி, பொன்னேரி பக்கம் ஐந்தாறு ரத்தப் பரிசோதனை நிலையங்களில் நான் கேட்ட வரையில், புதிதாகச் சேருபவருக்கு எட்டாயிரம் முதல் பன்னிரண்டாயிரம். அதில் ஒருவர் "டிப்ளமோவா டிகிரியா" என்றுகூடக் கேட்கவில்லை. "ரத்தம் எடுக்கத் தெரியுமா, ஞாயிற்றுக்கிழமை வருவாங்களா" என்றுதான் கேட்டார். அரசுப் பக்கம் பார்த்தாலும், மாவட்ட நலவாழ்வுச் சங்கங்கள் சில வருடங்களாகத் தற்காலிக லேப் டெக்னீசியன்களைக் கூப்பிட்ட விளம்பரங்களில் நான் பார்த்த தொகுப்பூதியம் 13,000. 108 ஆம்புலன்சில் மருத்துவ உதவியாளர் வேலைக்கு 2023-ல் வந்த விளம்பரங்களில் பதினைந்தாயிரத்தை ஒட்டி.

பன்னிரண்டாயிரம் என்றே வைத்துக்கொள்வோம். அதில் 5,550 தவணை போனால் கையில் 6,450. ரயில் பாஸ், சாப்பாடு, போன் ரீசார்ஜ் போக வீட்டுக்கு என்ன வரும்? பிளஸ் டூவோடு பேக்கிங் வேலைக்குப் போன எதிர்வீட்டுப் பெண் அவளைவிட அதிகம் வீட்டுக்குக் கொடுப்பாள். அதுவும் நாலு வருடம் முன்பிருந்தே.

அப்பாவிடம் இந்தத் தாளைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "அப்ப படிக்கவே வேணாம்ங்கிறியா?" என்றார்.

இல்லை. அங்கேதான் எங்கள் பெரியம்மா பெண் வருகிறாள்.

அக்காவின் கதை

அக்கா ஏழு வருடம் முன்பு இதே பி.எஸ்சி. எம்.எல்.டி.யை இதே மாதிரிக் கடன் வாங்கிப் படித்தாள். முதல் வேலை சென்னையில் ஒரு சின்ன லேபில், பத்தாயிரத்துக்கு. காலை நாலரைக்கு எழுந்து முதல் வண்டிகளில் ஒன்றைப் பிடித்து, பேசின் பிரிட்ஜில் மாறி, ஏழு மணிக்கு சாம்பிள் எடுக்க நிற்பாள். இரண்டு வருடம் தவணையில் பாதியைப் பெரியப்பாதான் கட்டினார். ஒரு வருடம் கட்டவே முடியவில்லை. பேங்கிலிருந்து போன் பெரியப்பாவுக்கு வந்தது, ஏனென்றால் கல்விக் கடனில் பெற்றோரும் சேர்ந்துதான் கடன்காரர். "கையெழுத்து மட்டும்" என்பதன் அர்த்தம் அன்றைக்குத்தான் எங்கள் குடும்பத்துக்குப் புரிந்தது. பின்னால் அவர் வீட்டு ரிப்பேருக்கு ஒரு சின்னக் கடன் கேட்டபோது, சிபில் ஸ்கோர் சரியில்லை என்று கொடுக்கவில்லை.

அப்புறம் அக்கா ஒரு பெரிய மருத்துவமனை லேபுக்கு மாறினாள். இப்போது இருபத்திரண்டாயிரம் வாங்குகிறாள். நைட் ஷிப்ட் பார்த்தால் இன்னும் கொஞ்சம். வளைகுடா போகலாமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறாள். அங்கே பெரும்பாலான வேலைகளுக்கு இரண்டு வருட அனுபவமும் ஒரு தகுதித் தேர்வும் கேட்கிறார்கள், அனுபவம் அவளிடம் இருக்கிறது. சிப்காட்டில் அவள் வயதுக்காரர்கள் சம்பளம் பதினைந்தாயிரத்தில் நிற்கிறது. நாற்பது வயதில் முதுகு வலி வந்தால் அதுவும் நிற்கும். அப்பாவுக்கே இப்போது முட்டி பிரச்சினை.

நான் கேட்டேன்: "அக்கா, திரும்ப முதல்லேருந்து ஆரம்பிச்சா இதைப் படிப்பியா?" உடனே சொன்னாள்: "இதைத்தான்டா படிப்பேன். ஆனா அந்தக் கடன வாங்க மாட்டேன்."

ஒரு வார விசாரணையில் எனக்குக் கிடைத்த ஒரே உருப்படியான பதில் இதுதான். படிப்பு நல்ல படிப்பு. விலைதான் தப்பு.

சமுதாயக் கல்லூரி என்று ஒன்று

விலை குறைவாக வேண்டுமென்றால் உடனே ஒரு ஆபத்து வந்து நிற்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜ் என்பது பெரிய விஷயம். 1901-ல் ஜோலியட் என்ற ஊரில் ஆரம்பித்த கதை அது. அங்கே இரண்டு வருடம் குறைந்த கட்டணத்தில் நர்சிங் படித்தவரும், பல்கலைக்கழகத்தில் நாலு வருடம் படித்தவரும் ஒரே உரிமத் தேர்வைத்தான் எழுதுகிறார்கள். பாஸ் செய்தால் இருவரும் பதிவு பெற்ற நர்ஸ்கள். கல்லூரி சின்னதா பெரியதா என்பது இரண்டாம் பட்சம், உரிமம்தான் சோறு போடுகிறது.

நம் ஊரிலும் சமுதாயக் கல்லூரிகள் உண்டு. 1995-ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் ஒன்று, 1996-ல் சென்னையில் ஒன்று என்று ஆரம்பித்தது. பிறகு தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நிறைய இடங்களை அங்கீகரித்தது. 2013 வாக்கில் யு.ஜி.சி.யும் ஒரு திட்டம் கொண்டுவந்தது. பள்ளியை விட்டு நின்றுபோன பிள்ளைகளுக்கு ஒரு கைத்தொழில், ஒரு தைரியம், ஒரு வேலை என்ற நல்ல எண்ணத்தில் வந்தவை. முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு, மருத்துவமனை உதவியாளர் வேலைக்கு அங்கே போய்ப் பிழைத்தவர்கள் உண்டு. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை.

ஆனால் அமெரிக்கக் கதையில் இருக்கிற அந்த நடுத்துண்டு, அதாவது ஒரே உரிமம், இங்கே இல்லை. ஒரு வருட 'நர்சிங் அசிஸ்டென்ட்' டிப்ளமோவை வைத்துக்கொண்டு தமிழ்நாடு நர்சுகள் கவுன்சிலில் நர்சாகப் பதிவு செய்ய முடியாது. அதற்கு ஏ.என்.எம்., ஜி.என்.எம்., பி.எஸ்சி. நர்சிங் என்ற வழிகள்தான். இதைச் சொல்லாமல், மாடியில் ஒரு ஹால், நாலு பெஞ்சு, ஒரு பொம்மை எலும்புக்கூடு வைத்துக்கொண்டு நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் வாங்கும் இடங்கள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. பெயர் சொல்ல மாட்டேன். எங்கள் தெருவில் ஒரு பெண் அப்படிப் படித்தாள். நான்கு வருடமாக ஒரு நர்சிங் ஹோமில் நர்ஸ் செய்யும் வேலை எல்லாம் செய்கிறாள், சம்பளம் ஒன்பதாயிரம். வெளியே வேறு வேலைக்குப் போனால் "ரிஜிஸ்ட்ரேஷன் நம்பர்?" என்று கேட்கிறார்கள். அவளிடம் இல்லை.

நாலு லட்சத்துக்கு மேல் கடனாவது கடைசியில் ஒரு பட்டத்தைக் கொடுக்கிறது. இந்த ஐம்பதாயிரம் எதையும் கொடுப்பதில்லை. மலிவு என்பது கட்டணத்தில் மட்டும் பார்க்கிற விஷயமில்லை.

லேப், டயாலிசிஸ், எக்ஸ்ரே, பிசியோதெரபி போன்ற துறைகளுக்கு நாடு முழுக்க ஒரு சட்டம் 2021-ல்தான் வந்தது. தேசிய இணை சுகாதாரத் தொழில்முறையாளர்கள் ஆணையச் சட்டம் என்று சொல்லலாம். டெக்னீசியன் என்றால் குறைந்தது 2,000 மணி நேரம், இரண்டு முதல் நாலு வருடத்தில் படித்திருக்க வேண்டும். அதற்கு மேல்நிலையில் இருப்பவருக்கு 3,600 மணி நேரம், மூன்று முதல் ஆறு வருடம். எல்லோருக்கும் பதிவேடு. இது முழுதாக நடைமுறைக்கு வரும்போது, ஒரு வருட மாடி ஹால் சான்றிதழோடு நிற்பவர்கள் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள். இன்றைக்குச் சேரும் பிள்ளை இன்னும் நாற்பது வருடம் வேலை பார்க்கப் போகிறது.

பக்கத்தில் இருக்கிற வழி

இனி நல்ல சேதி. அரசு மருத்துவக் கல்லூரிகளிலேயே இந்தப் படிப்புகள் இருக்கின்றன. இரண்டு வருட டி.எம்.எல்.டி., எக்ஸ்ரே டிப்ளமோ, இது தவிர டயாலிசிஸ், மயக்க மருந்து, ஆபரேஷன் தியேட்டர், ஈ.சி.ஜி., அவசர சிகிச்சை என்று சான்றிதழ் படிப்புகள். பிளஸ் டூ மார்க் அடிப்படையில் சேர்க்கை. கட்டணம் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். பி.எஸ்சி. படிப்புகளும் அரசுக் கல்லூரிகளில் உண்டு, தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ்.

2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறந்த பதினொரு அரசு மருத்துவக் கல்லூரிகளில் திருவள்ளூரும் ஒன்று. நம் மாவட்டத்துக்கே ஒரு மருத்துவக் கல்லூரி! ஆனால் கும்மிடிப்பூண்டிக்காரனுக்கு ஒரு சிரிப்பு வரும். மாவட்டத் தலைநகரான திருவள்ளூர் வேறு ரயில் பாதையில், அரக்கோணம் லைனில் இருக்கிறது. ரயிலில் போக வேண்டுமென்றால் சென்னை வரை போய்த் திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் பெரியபாளையம் வழியாக பஸ். எங்களுக்கு ராயபுரம் பக்கத்து ஸ்டான்லிதான் கிட்ட. பீச் போகிற வண்டியில் ஏறினால் நேராக இறங்கிக்கொள்ளலாம். ஆகவே விண்ணப்பத்தில் முதல் விருப்பம் எழுதும்போது மாவட்டத்தைப் பார்க்காதீர்கள், ரயில் பாதையைப் பாருங்கள். தினம் நாலு மணி நேரம் பஸ்ஸில் போகிற பிள்ளை எப்போது படிக்கும்?

இன்னொன்று, ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 செப்டம்பரில் ஆரம்பித்த புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. பட்டம், டிப்ளமோ இரண்டுக்கும் உண்டு. பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் வந்தது. பெரிய தொகை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கும்மிடிப்பூண்டியிலிருந்து போகிற பிள்ளைக்கு ரயில் பாஸும் மதியச் சாப்பாட்டில் ஒரு பகுதியும் அதில் அடங்கும்.

இப்போது மறுபடியும் தாளை எடுக்கிறேன். அரசு டி.எம்.எல்.டி. என்றால் இரண்டு வருடத்தில் வேலை. தனியார் பட்டம் முடிகிற அன்று, டிப்ளமோ படித்தவள் ஏற்கெனவே இரண்டு வருடம் வேலை பார்த்திருப்பாள். மாதம் பன்னிரண்டாயிரம் என்றால் 2,88,000 சம்பாதித்திருப்பாள், கடன் இல்லை. பட்டம் வாங்கியவள் தலையில், தவணை ஆரம்பிக்கும்போது, 4,20,000. வித்தியாசம் ஏழு லட்சத்துக்கும் மேல். இதைப் பத்து வருடத்தில் சரிக்கட்ட, பட்டம் வாங்கியவள் ஒவ்வொரு மாதமும் டிப்ளமோக்காரியைவிட ஆறாயிரம் ரூபாய் அதிகம் வாங்க வேண்டும். முதல் நாளிலிருந்தே. நான் விசாரித்த லேப்களில் ஆரம்பச் சம்பளத்தில் ஆறாயிரம் என்ன, அறுநூறு ரூபாய் வித்தியாசம்கூட இல்லை.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மேற்படிப்பு, பெரிய மருத்துவமனையில் சூப்பர்வைசர், சில நாடுகளில் வேலை, இதற்கெல்லாம் பட்டம் உதவும். அரசு சீட்டுகள் குறைவு, எல்லோருக்கும் கிடைக்காது. கடனே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. நாலு லட்சம் வரை பெற்றோர் கைக்காசு போடத் தேவையில்லை, ஏழரை லட்சம் வரை சொத்து அடமானம் இல்லை என்பதெல்லாம் நல்ல விதிகள்தான். இல்லாவிட்டால் நம் மாதிரிக் குடும்பங்கள் நகையை அடகு வைக்க வேண்டியதுதான். குடும்ப வருமானம் வருடத்துக்கு நாலரை லட்சத்துக்குள் இருந்தால், தவணை ஆரம்பிக்கும் வரை வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டமும் 2009-லிருந்து இருக்கிறது. ஆனால் எல்லாக் கல்லூரிக்கும் எல்லாப் படிப்புக்கும் அது பொருந்தாது. 2024 நவம்பரில் அறிவித்த பி.எம். வித்யாலட்சுமி திட்டமோ, தரவரிசையில் முன்னால் இருக்கிற சுமார் 860 நிறுவனங்களுக்கு மட்டும். வீட்டுக்கு வந்து சீட்டுக் கொடுக்கிற கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்குமா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள் :-)

எனக்கு ஒரு அளவுகோல் தோன்றியது. இது எந்த நிபுணரும் சொன்னதில்லை, என் சொந்தச் சரக்கு. தவணை ஆரம்பிக்கும் நாளில் இருக்கும் மொத்தக் கடன், முதல் வேலையின் ஒரு வருடச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. பன்னிரண்டாயிரம் சம்பளம் என்றால் 1,44,000. பத்து வருடத்தில் கட்டினால் மாதம் 1,900 சொச்சம், சம்பளத்தில் ஆறில் ஒரு பங்கு. அது தாங்கும். பாதிச் சம்பளம் தவணைக்குப் போனால் தாங்காது. முக்கியமாக, அந்த முதல் சம்பளத்தைக் கல்லூரிக்காரரிடம் கேட்காதீர்கள். போன வருடம் முடித்தவரிடம் கேளுங்கள்.

என் கோபம்

இதுவரை எழுதியது வீட்டுக் கணக்கு. இனிமேல் எழுதுவது ஒரு குறை.

சுண்ணாம்பும் சிமெண்டும் தூக்குகிற வேலை ஒன்றும் கேவலமில்லை, அப்பா சம்பாதித்த சோற்றில்தான் நான் இதை எழுதுகிறேன். ஆனால் இரண்டு வருடம், நாலு வருடம் படித்து, ஒருவரின் ரத்தத்தைப் பார்த்து டெங்குவா இல்லையா என்று சொல்கிற ஒரு பெண்ணுக்கும், எந்தப் பயிற்சியும் இல்லாமல் முதல் நாள் வேலைக்கு வந்தவருக்கும் ஒரே சம்பளம் என்றால், தப்பு படிப்பில் இல்லை. சம்பளம் கொடுக்கிறவரிடம் இருக்கிறது.

கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு சாம்பிள் எடுத்தவர்களும், ராத்திரி பகலாக ஆர்.டி.பி.சி.ஆர். மிஷின் முன்னால் நின்றவர்களும் யார்? கைதட்டினோம். அப்புறம்? 2020-ல் அவசரத்துக்கு எடுத்த ஒப்பந்த நர்ஸ்கள் சுமார் 2,400 பேருக்கு 2022 டிசம்பர் 31-ஓடு வேலை முடிந்தது. அதற்கு முன்பே, 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வு எழுதி ஜெயித்து அரசு மருத்துவமனையில் சேர்ந்த நர்ஸ்களுக்கு மாதம் 7,700 ரூபாய்தான் கொடுத்தார்கள். 2017 நவம்பரில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்த பிறகுதான் பலருக்கு அந்தத் தொகையே தெரிந்தது. பிறகு அது 14,000, 18,000 என்று ஏறியது. நர்ஸ் வேறு, லேப் டெக்னீசியன் வேறு என்பது எனக்குத் தெரியும். ஆனால் அரசே 7,700 கொடுத்தால், கும்மிடிப்பூண்டி தனியார் லேப்காரர் எட்டாயிரம் கொடுத்துவிட்டுத் தன்னை வள்ளல் என்று நினைக்க மாட்டாரா?

வேறு மாதிரியும் செய்ய முடியும். 2016-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு அமைத்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையிலும் நர்சுக்குக் குறைந்தது இருபதாயிரம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. கேரளாவில் நர்ஸ்கள் விடாமல் போராடினார்கள், 2018 ஏப்ரலில் அந்த இருபதாயிரம் குறைந்தபட்சக் கூலியாக அரசாணையில் வந்தது. பக்கத்து மாநிலம்தானே?

கல்விக் கடன் எளிதாகக் கிடைக்கிறது என்று பெருமைப்படுகிறோம். படித்தவருக்குச் சம்பளம் ஒழுங்காகக் கிடைத்தால் கடன் தானே அடைந்துவிடும். சம்பளத்தை எட்டாயிரத்தில் விட்டுவிட்டுக் கடனை மட்டும் நாலு லட்சமாக்கினால், கல்லூரிக்குக் காசு, பேங்குக்கு வட்டி, லேபுக்கு மலிவான ஆள். அப்பாவுக்கு மட்டும் கையெழுத்து.

கடைசியில் என்ன ஆச்சு

வெள்ளைச் சட்டைக்காரர் சொன்னபடி அடுத்த ஞாயிறு வந்தார். அப்பா என்னைக் கூப்பிடவில்லை, அவரே பேசினார். மூன்றே கேள்வி. "போன வருஷம் முடிச்ச பொண்ணுங்க ரெண்டு பேர் நம்பர் குடுங்க. யூனிவர்சிட்டி அங்கீகார லெட்டர் காட்டுங்க. நாலு வருஷம் கழிச்சி கடன் எவ்ளோ நிக்கும்னு எழுதிக் குடுங்க." வந்தவர் போன் வந்த மாதிரி எழுந்து போனார், இன்னும் வரவில்லை. எல்லாத் தனியார் கல்லூரியும் இப்படி என்று சொல்ல மாட்டேன். இந்த மூன்று கேள்விக்கும் நேராகப் பதில் சொல்கிற கல்லூரி இருந்தால், கட்டணமும் என் அளவுகோலுக்குள் இருந்தால், தாராளமாகச் சேருங்கள்.

தங்கை அரசு டி.எம்.எல்.டி.க்கும் பி.எஸ்சி.க்கும் விண்ணப்பித்திருக்கிறாள். கிடைக்காவிட்டால் அரசு கலைக் கல்லூரியில் விலங்கியல் அல்லது தாவரவியல். 108-ல் மருத்துவ உதவியாளர் வேலைக்கு அந்தப் பட்டங்களையும் ஏற்கிறார்கள், அடுத்த வருடம் மறுபடி டிப்ளமோவுக்கும் முயற்சி செய்யலாம். ஒரு வருடம் போனால் போகட்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். தங்கைக்குக் கொஞ்சம் வருத்தம்தான். "நீ கணக்குப் போட்டது சரிண்ணா, ஆனா சீட்டு கிடைக்கலன்னா உன்னைத்தான் திட்டுவேன்" என்றாள். திட்டட்டும். பத்து வருடம் தவணை கட்டிக்கொண்டே திட்டுவதைவிட அது பரவாயில்லை.

என் கணக்கில் எங்காவது தப்பு இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். இந்தப் படிப்பை முடித்து வேலையில் இருப்பவர்கள் யாராவது படித்தால், உங்கள் முதல் மாதச் சம்பளத்தையும் முதல் தவணையையும் மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம். அந்த இரண்டு எண்கள் போதும், இன்னொரு வீட்டில் பேனாவைத் தேடுகிற ஒரு அப்பாவுக்கு.